ஒளி எலக்ட்ரானைத் தள்ளியதா, தண்ணீரை உள்ளே இழுத்ததா? பூச்சிட்ட மின்முனைகளை ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பூர் சாயப்பட்டறைகளில் ஒரு பழக்கம் உண்டு. பிளீச்சிங் முடிந்து வந்த துணியை விரித்துப் பிடித்து, அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, உறிஞ்ச எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுவார்கள். சொட்டு உருண்டு நின்றால் துணியில் எண்ணெய்ப் பசை இன்னும் போகவில்லை என்று பொருள். அந்தத் துணியில் எவ்வளவு நல்ல சாயத்தைப் போட்டாலும் திட்டுத்திட்டாகத்தான் ஏறும். சாயம் நூலைத் தொட வேண்டுமானால் முதலில் தண்ணீர் நூலைத் தொட வேண்டும்.

மின்வேதியியல் ஆய்வகத்தில் நாம் பலரும் இந்த ஒரு சொட்டைப் பார்ப்பதே இல்லை. மின்முனையை மின்பகுளியில் (மின்சாரம் கடத்தும் உப்புக் கரைசலில்) முக்குகிறோம், விளக்கைப் போடுகிறோம், மின்னோட்டம் கூடினால் எலக்ட்ரான் இடமாற்றம் மேம்பட்டது என்று எழுதி விடுகிறோம். கோவையில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது நானும் அப்படித்தான் எழுதினேன். நீரை விலக்கும் பூச்சு போட்ட ஒரு மின்முனையில் ஒளி விழ விழ மின்னோட்டம் ஏறிக்கொண்டே போனது. இரண்டு மாதம் அதற்கு வேகவியல் (வினையின் வேகம் சார்ந்த) விளக்கம் தேடினேன். ஒரு நாள் ஒரு துண்டை மின்பகுளியிலேயே மறந்து விட்டு வந்துவிட்டேன். இரவு முழுக்க அது இருட்டில் கிடந்தது. காலையில் விளக்கைப் போட்டதும், நாற்பது நிமிடம் கழித்து வர வேண்டிய மின்னோட்டம் முதல் நிமிடத்திலேயே வந்தது. அதாவது, நான் அளந்துகொண்டிருந்ததில் பெரும்பங்கு எலக்ட்ரானின் வேகம் இல்லை. நுண்துளைகளுக்குள் தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கிய கதை. அந்த இரண்டு மாதம் உங்களுக்கு வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்கிறவர்களும் ஆராய்ச்சியின் முதல் ஆண்டில் இருப்பவர்களும் சாதாரணக் கல்லூரி ஆய்வக வசதியிலேயே இதைச் செய்யலாம்.

எது எங்கே நடக்கிறது

நமக்கு எடுத்துக்காட்டு டைட்டானியம் டை ஆக்சைடு. மலிவு, நஞ்சில்லை, நிறைய ஆராயப்பட்டது. அனடேஸ் என்ற படிக வடிவத்தில் அதன் பட்டை இடைவெளி, அதாவது எலக்ட்ரான் தாண்டி மேலே ஏற வேண்டிய ஆற்றல் இடைவெளி, 3.2 எலக்ட்ரான் வோல்ட். ஆகவே சுமார் 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளி, அதாவது புற ஊதா, பட்டால் எலக்ட்ரான் கடத்துப் பட்டைக்கு ஏறும். கீழே ஒரு துளை, அதாவது எலக்ட்ரான் போன வெற்றிடம், மிஞ்சும் (படலத்தின் நுண்துளை வேறு). துளை மேற்பரப்புக்கு வந்து தண்ணீரிடமிருந்தோ கரிமப் பொருளிடமிருந்தோ எலக்ட்ரானைப் பறிக்கிறது. மேலே ஏறிய எலக்ட்ரான் அடியிலுள்ள கடத்தும் கண்ணாடி வழியே வெளிச் சுற்றுக்குப் போகிறது. வழியில் இரண்டும் சந்தித்துக்கொண்டால் மறுசேர்க்கை; நமக்கு ஒன்றும் கிடைக்காது. இப்படி ஒளியால் தண்ணீரைப் பிரிக்கலாம் என்று ஜப்பானில் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் காட்டினார்கள். 1991இல் ஓரெகனும் கிரெட்செலும் இதே ஆக்சைடின் நுண்துளைப் படலத்தில் சாயத்தை ஒட்டி, கண்ணுக்குத் தெரியும் ஒளியிலிருந்தே மின்சாரம் எடுத்தார்கள்.

கதையின் மறுபாதி 1997இல் வந்தது. இதே ஆக்சைடின் மேல் 72 பாகைத் தொடுகோணத்தில் (துளியின் விளிம்பு பரப்போடு செய்யும் கோணம்) நின்ற நீர்த்துளி, புற ஊதா ஒளி பட்ட பின் 0 பாகைக்குப் படிந்து பரவியது என்று ஃபுஜிஷிமா இருந்த குழுவே வெளியிட்டது. ஆக, ஒரே விளக்கு ஒரே பரப்பில் இரண்டு வேலை செய்கிறது. எலக்ட்ரானைத் தள்ளுகிறது, பரப்பின் நனையும் தன்மையையும் மாற்றுகிறது. நுண்துளைப் படலத்தில் இரண்டாவது வேலை முதலாவதைப் போலவே தோற்றமளிக்கும். நனைந்த பரப்பு கூடினால் மின்னோட்டமும் கூடத்தானே செய்யும்.

கண்ணாடியும் பூச்சும்

எஃப்.டி.ஓ கண்ணாடியை (ஒரு பக்கம் மின்சாரம் கடத்தும் பூச்சுள்ள கண்ணாடி) 1 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். ஒரே நாளில், ஒரே டைட்டானியம் டை ஆக்சைடு பேஸ்ட்டில், 14 துண்டாவது செய்துகொள்ளுங்கள். ஏன் 14 என்பது பிறகு தெரியும். எந்தப் பக்கம் கடத்தும் என்று மல்டிமீட்டரால் பார்த்து, மறுபக்கத்தின் மூலையில் வைரப் பேனாவால் ஒரு கீறல் போட்டுவிடுங்கள். சோப்பு நீர், அயனி நீக்கிய நீர், அசிட்டோன், ஐசோபுரோபனால் என்ற வரிசையில், ஒவ்வொன்றிலும் 15 நிமிடம் அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவுங்கள். சிறுவாணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் இங்கே அது உதவாது. போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காய்ந்ததும் விடும் வெள்ளைத் தடம் ஒவ்வொன்றும் ஒரு துளி அளவீட்டைக் கெடுக்கும்.

பேஸ்ட்டைப் பரப்ப, கண்ணாடியின் இரு ஓரங்களிலும் செல்லோ டேப் ஒட்டி, நடுவில் பேஸ்ட் வைத்துக் கண்ணாடிக் குச்சியால் ஒரே இழுப்பில் இழுங்கள். தோசைக் கல்லில் மாவைச் சுழற்றுவதுபோல் திரும்பத் திரும்பத் தேய்த்தால் தடிமன் சீராக வராது. காற்றில் காய்ந்ததும் டேப்பை உரித்து, நிமிடத்துக்கு 5 பாகை வீதம் ஏற்றி, 450 பாகை செல்சியஸில் 30 நிமிடம் வையுங்கள். உலையை அணைத்த பின் தானாக ஆறட்டும். அவசரப்பட்டுச் சூட்டோடு எடுத்தால் படலம் வெடித்துச் செதிலாக உதிரும்.

இங்கே ஒரு சின்ன விஷயம், ஆனால் விடக் கூடாதது. சுட்டெடுத்த வெற்றுப் படலம் விளக்குத் திரி போல வேலை செய்யும். மின்பகுளியில் 1 செ.மீ. ஆழம் முக்கினால் திரவம் முக்கிய கோட்டோடு நிற்காது. நுண்துளைகள் வழியே மேலே ஏறி, சில நேரம் கிளிப் வரைக்கும் போய்விடும். பரப்பு 1 சதுர செ.மீ. என்று நீங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, உண்மையில் நனைந்திருப்பது ஒன்றரை சதுர செ.மீ. ஆகவே வேண்டிய 1 சதுர செ.மீ. போக மீதிப் படலத்தைப் பிளேடால் சுரண்டி எடுத்து, எல்லைக்கோட்டை எபாக்ஸியால் அடைத்துவிடுங்கள்.

மெழுகுத் தோல் போர்த்துதல்

நீரை விலக்கும் பரப்பு வேண்டுமானால் ஆக்டாடெசில் பாஸ்போனிக் அமிலம் நல்ல தேர்வு. இதன் ஒரு முனை ஆக்சைடைப் பிடித்துக்கொள்ளும். 18 கார்பன் நீளமுள்ள வால் வெளியே நிற்கும். இந்த வால்களின் அடுக்கைத்தான் மெழுகுத் தோல் என்கிறேன். 100 மில்லி எத்தனாலில் 33 மில்லிகிராம் கரைத்தால் 1 மில்லிமோலார். லேசாகச் சூடாக்கினால் கரையும். பாதித் துண்டுகளை அதில் ஒரு நாள் மூடி வைத்து, எடுத்து, எத்தனாலில் அலசி, 120 பாகையில் ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபாதியை வெறும் எத்தனாலில் அதே அளவு நேரம் போட்டு, அதே சூட்டில் வையுங்கள். ஒப்பிடுவதற்கு இந்த வெற்றுத் துண்டு இல்லாவிட்டால் பிறகு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் அலுமினியத் தாள் சுற்றிய பெட்டியில் வையுங்கள். புற ஊதா பட்டால் துளைகள் இந்த வாலையே அரித்துத் தின்றுவிடும்.

பட்டறை எண்ணெய் வாசனை, கேன்டீன் பொரியல் புகை எல்லாம் ஆய்வகத்துக்குள் வரும் இடத்தில் இருக்கிறீர்கள் என்றால் வெற்றுத் துண்டுகளிலும் கவனம் தேவை. சுத்தமான ஆக்சைடுப் பரப்பு காற்றில் இருக்கும் கரிமப் பொருள்களைச் சில நாளிலேயே பிடித்துக்கொண்டு, துளியை நிமிர்த்தி நிறுத்தத் தொடங்கும். செய்த வாரத்திலேயே அளந்துவிடுவது நல்லது.

ஒரு சொட்டை அளப்பது

தொடுகோணக் கருவி இல்லையா? பரவாயில்லை. மேக்ரோ லென்ஸ் மாட்டிய கைபேசி, அதைத் துண்டின் மட்டத்துக்கு அசையாமல் பிடிக்க ஒரு ஸ்டாண்டு, பின்னால் வெள்ளைத் தாள் மறைத்த எல்.இ.டி. விளக்கு, ஒரு மைக்ரோபிப்பெட். இவ்வளவு போதும். துளி 2 மைக்ரோலிட்டர் இருக்கட்டும். பெரிய துளி தன் எடையிலேயே தட்டையாகும். நீருக்கு அந்த எல்லை 2.7 மில்லிமீட்டர் அளவில் வரும். சிறு துளி கோளத்தின் ஒரு துண்டாகவே நிற்பதால் கணக்கு சுலபம். படத்தில் துளியின் உயரத்தையும் அடி அகலத்தையும் அளந்து, உயரத்தை இரண்டால் பெருக்கி அகலத்தால் வகுத்து, அதன் தலைகீழ் டேன் மதிப்பை இரட்டிப்பாக்கினால் தொடுகோணம். அகலம் 2 மி.மீ., உயரம் 0.7 மி.மீ. என்றால் விகிதம் 0.7, தலைகீழ் டேன் 35 பாகை, தொடுகோணம் 70 பாகை.

துளி வைத்த 10 விநாடிக்குள் படம் எடுத்துவிடுங்கள். பங்குனி, சித்திரையில் நம் ஊர் மதியக் காற்று துளியைக் கண்ணெதிரே குடித்துவிடும். துளி காயும்போது அதன் விளிம்பு இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு உயரம் மட்டும் குறையும். படத்தில் பார்த்தால் துளி பரவியது போலவே கோணம் குறைந்திருக்கும்! விளக்குச் சூட்டில் இது இன்னும் வேகமாக நடக்கும். எது உண்மை என்று தெரிய அடி அகலத்தைப் பாருங்கள். அகலம் கூடியிருந்தால் பரவியது, அகலம் மாறாமல் உயரம் மட்டும் குறைந்திருந்தால் காய்ந்தது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது சன்னலை அடைத்துவிட்டு அளங்கள். அன்றைய வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் நோட்டில் எழுதுங்கள்.

ஒரு துண்டில் ஐந்து இடத்திலாவது அளங்கள். கூடவே, துளிக்குள் மெல்ல நீரைச் செலுத்தி விளிம்பு முன்னேறும்போது ஒரு கோணம், உறிஞ்சி எடுத்து விளிம்பு பின்வாங்கும்போது ஒரு கோணம் எடுங்கள். எனக்கு இந்த இரண்டின் வித்தியாசம்தான் சராசரிக் கோணத்தை விட அதிகம் சொல்கிறது. வாழை இலையிலோ சேம்பு இலையிலோ தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சேம்பு இலையில் முத்து போல உருண்டு ஓடும். துளிக்கு அடியில் காற்று சிக்கியிருப்பதால் பிடிப்பே இல்லை. இப்படிக் காற்றும் திடமும் கலந்த பரப்பில் துளி எப்படி நிற்கும் என்று 1944இல் கணக்குக் கொடுத்த கேஸியும் பாக்ஸ்டரும் இங்கிலாந்தில் கம்பளித் தொழிலுக்கான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர்கள். துணிக்கும் இந்த அறிவியலுக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது. மாறாக, துளி மேடுபள்ளங்களுக்குள் முழுக்க இறங்கி உட்கார்ந்தால் அது 1936இல் வென்செல் சொன்ன நிலை. அங்கே கோணம் பெரிதாக இருந்தாலும் துளி நகராமல் ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் மெழுகுத் தோல் துண்டில் இரு கோணங்களுக்கும் வித்தியாசம் சிறிதாக இருந்தால் நுண்துளைகளுக்குள் காற்று இருக்கிறது. அப்படியானால் மின்பகுளியில் முக்கினாலும் உள்ளே பெரும்பகுதி காய்ந்தே கிடக்கும்.

இருட்டில் செய்ய வேண்டியவை

மின்பகுளி 0.1 மோலார் சோடியம் சல்ஃபேட். சாயப்பட்டறைக்கு மூட்டை மூட்டையாக வரும் கிளாபர் சால்ட்டும் இதுதான். பட்டறையில் ரியாக்டிவ் சாயத்துக்கு லிட்டருக்கு 50 கிராம், அதற்கு மேலும் கூடப் போடுவார்கள். நமக்கு நீரற்ற உப்பு என்றால் லிட்டருக்கு 14.2 கிராம் போதும். பாட்டிலில் பத்து நீர் மூலக்கூறு கொண்டது என்று போட்டிருந்தால் 32.2 கிராம். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் கரைத்து, ஆளுக்கு ஒரு செறிவில் வேலை செய்த குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்று மின்முனை செல்: நம் துண்டு, எதிர்முனையாகப் பிளாட்டினக் கம்பி, ஒப்பீட்டுக்கு வெள்ளி–வெள்ளி குளோரைடு.

முதலில் செல்லையும் பொட்டென்ஷியோஸ்டாட்டையும் (மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) சோதியுங்கள். 3 மி.மீ. விட்டமுள்ள கிளாஸி கார்பன் முனையை 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடில் 5 மில்லிமோலார் ஃபெர்ரோசயனைடு கலந்த கரைசலில் முக்கி, விநாடிக்கு 50 மில்லிவோல்ட் வேகத்தில் சுழல் வோல்ட்டமெட்ரி (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தைப் பதிவது) செய்தால், உச்ச மின்னோட்டம் 58 மைக்ரோஆம்பியர் அளவில் வர வேண்டும். இரு உச்சங்களுக்கும் இடைவெளி கோட்பாட்டின்படி 59 மில்லிவோல்ட். 70, 80 வந்தால் பரவாயில்லை. 150 வந்தால் முனையைத் தேய்த்து மெருகேற்றுங்கள்.

அப்புறம் அதே ஃபெர்ரோசயனைடை வைத்து ஓர் அழகான சோதனை செய்யலாம். அது ஆக்சிஜனேற்றமடையும் மின்னழுத்தத்தில் டைட்டானியம் டை ஆக்சைடு இருட்டில் கிட்டத்தட்டக் காப்புப் பொருள். ஆகவே உச்சம் தெரிகிறது என்றால், கரைசல் படலத்தைக் கடந்து அடியிலுள்ள எஃப்.டி.ஓவைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். வெற்றுத் துண்டில் முக்கிய உடனேயே உச்சம் எழும். மெழுகுத் தோல் துண்டில் முதல் சுழற்சி தட்டைக் கோடாக இருக்கும். சித்த நேரம் விட்டுவிட்டு எடுத்தால் மெல்லத் தலை தூக்கும். தண்ணீர் இறங்குவதை இதைவிட நேராகப் பார்க்க முடியாது. 14 துண்டில் இரண்டு இதற்குத்தான். இந்த இரண்டையும் பிறகு ஒளிச் சோதனைக்கு எடுக்காதீர்கள். ஃபெர்ரோசயனைடு ஆக்சைடில் ஒட்டிக்கொண்டு நிறமே மாறும். அந்தக் கரைசலுக்குப் புற ஊதாவும் காட்டக் கூடாது, அமிலக் கழிவோடும் ஊற்றக் கூடாது; சயனைடு வெளிவரும்.

மீதி 12 துண்டுக்கும் சோடியம் சல்ஃபேட்டில், இருட்டில், ஒரே மின்னழுத்தத்தில் மின்தேக்குத் திறனை (பரப்பு எவ்வளவு மின்னூட்டத்தைத் தேக்குகிறது என்பதை) அளந்து எழுதிவையுங்கள். தனியாகப் பார்த்தால் அந்த எண்ணில் பல விஷயம் கலந்திருக்கும். ஆனால் அதே துண்டில் முன்னும் பின்னும் எடுத்த விகிதம், நனைந்த பரப்பு எவ்வளவு கூடியது என்பதற்கு நம்பத்தக்க சாட்சி.

விளக்கைப் போடுதல்

365 நானோமீட்டர் எல்.இ.டி. எடுத்துக்கொள்ளுங்கள். புற ஊதாக் கண்ணாடி அணியாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். துண்டு இருக்கும் அதே தூரத்தில் ஒளியின் திறனை அளந்து எழுதுங்கள். மின்னழுத்தத்தை 0.5 வோல்ட்டில் நிறுத்தி, 20 விநாடி ஒளி, 20 விநாடி இருள் என மாற்றி மாற்றி மின்னோட்டத்தைப் பதிவு செய்யுங்கள்.

கோட்டின் வடிவத்தைப் படிக்கப் பழக வேண்டும். ஒளி பட்டதும் ஊசி போல எழுந்து உடனே தணிந்தால், துளைகள் பரப்பில் தேங்கி மறுசேர்க்கை நடக்கிறது. கட்டம் கட்டமாகச் சதுரமாக வந்தால் இடமாற்றம் தடையில்லாமல் நடக்கிறது. ஒவ்வொரு கட்டமும் முந்தையதை விடச் சற்று உயரமாக, படிக்கட்டு போல ஏறினால், அங்கேதான் நான் தடுக்கி விழுந்தேன்: நனைதலைச் சந்தேகியுங்கள். ஒரு கட்டத்துக்குள் கோடு பல்லுப் பல்லாக விழுந்தால் ஆக்சிஜன் குமிழி ஒட்டியிருக்கிறது. நீரை விலக்கும் பரப்பில் குமிழி பிடித்துக்கொண்டு அந்த இடத்தையே மூடிவிடும்; நனையும் பரப்பில் சிறிதாக இருக்கும்போதே கழன்று போய்விடும்.

ஒளி எலக்ட்ரானாக மாறிய வீதத்துக்கு, 1240ஐ ஒரு சதுர செ.மீ.க்கான மில்லிஆம்பியரால் பெருக்கி, அலைநீளத்தாலும் ஒரு சதுர செ.மீ.க்கான மில்லிவாட்டாலும் வகுங்கள். 0.12 மில்லிஆம்பியர், 5 மில்லிவாட், 365 நானோமீட்டர் என்றால் 0.082, அதாவது 8.2 சதவீதம்.

எலக்ட்ரான் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறது என்று பார்க்க வேண்டுமா? 20 நிமிடம் நைட்ரஜன் செலுத்தி, சுற்றைத் திறந்து வைத்து, ஒளியில் மின்னழுத்தம் நிலைத்ததும் விளக்கை அணையுங்கள். மின்னழுத்தம் விழும் வேகத்தால் 25.7 மில்லிவோல்ட்டை வகுத்தால் ஆயுட்காலம். விநாடிக்கு 5 மில்லிவோல்ட் வீதம் விழுகிற இடத்தில் அது சுமார் 5 விநாடி. இந்த அளவீட்டின் பெரிய நன்மை, நனைந்த பரப்பு கூடியதால் மட்டும் இது பெரிதாக மாறாது என்பதுதான்.

துளைகளைப் பிடித்துக்கொள்ள மெத்தனால் சேர்ப்பது பலரின் வழக்கம். இந்த வேலைக்கு அது வேண்டாம். நீரின் பரப்பு இழுவிசை 20 பாகையில் மீட்டருக்கு 72.8 மில்லிநியூட்டன், மெத்தனாலுக்கு 22.6. கொஞ்சம் கலந்தாலே நீர் நுண்துளைகளுக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். மின்னோட்டம் கூடியது துளை பிடிபட்டதாலா, நனைந்ததாலா என்று மறுபடியும் தெரியாமல் போகும். சோடியம் சல்ஃபைட் நல்லது. அது பி.எச். மதிப்பை ஏற்றும் என்பதால் மின்னழுத்தத்தைத் திருத்தி ஒப்பிடுங்கள்: ஒவ்வொரு பி.எச். அலகுக்கும் 59 மில்லிவோல்ட்.

இரண்டையும் பிரித்தெடுப்பது

இப்போது அந்த 12 துண்டு. மெழுகுத் தோல் போட்டது ஆறு, வெற்று ஆறு. ஒவ்வொரு வகையிலும் இரண்டை ஒரு மணி நேரம் ஒளியிலும் மின்னழுத்தத்திலும் வையுங்கள். இரண்டை இருட்டில் அதே மின்னழுத்தத்தில். இரண்டை இருட்டில், எந்த இணைப்பும் இல்லாமல், வெறுமனே மின்பகுளியில். மின்னழுத்தம் மட்டும் கொடுத்த ஜோடியை விட்டுவிடலாம் என்று தோன்றும். விடாதீர்கள். மின்னழுத்தம் மட்டுமே கூடத் திரவத்தின் பரப்பு இழுவிசையை மாற்றும் என்பதை லிப்மன் 1875லேயே பாதரசத்தில் காட்டிவிட்டார்.

ஒரு மணி நேரம் முடிந்ததும் எல்லாத் துண்டையும் ஒரே மாதிரி நடத்துங்கள். முதலில் இருட்டில் மின்தேக்குத் திறன், அடுத்து ஒளி மின்னோட்டம், கடைசியில் அலசி, நைட்ரஜனில் உலர்த்தி, தொடுகோணம். வெறுமனே கிடந்த துண்டிலும் மின்தேக்குத் திறன் கூடி, மின்னோட்டமும் அதே விகிதத்தில் கூடியிருந்தால், நடந்தது ஊறல் மட்டும்தான். ஒளி பட்டதில் மட்டும் கோணம் சரிந்திருந்தால், ஒளி மெழுகுத் தோலை அரித்திருக்கிறது. மின்தேக்குத் திறன் மாறாமல் மின்னோட்டம் மட்டும் கூடி, எலக்ட்ரான் ஆயுட்காலமும் மாறியிருந்தால், அப்போதுதான் எலக்ட்ரான் இடமாற்றம் மாறியது என்று எழுத உங்களுக்கு உரிமை உண்டு.

இன்னொரு வழியும் உண்டு. அளப்பதற்கு முன்பே துண்டை எத்தனாலில் முக்கி, ஈரத்தோடு நீருக்கும் பிறகு மின்பகுளிக்கும் மாற்றினால் நுண்துளைகளில் காற்று தங்காது. முன்கூட்டியே நனைத்த இந்தத் துண்டு முதல் நிமிடத்திலிருந்தே முழு மின்னோட்டம் தந்தால், மற்றதில் பார்த்த படிக்கட்டின் காரணம் தெளிவாகிவிடும்.

சாயக் கழிவு நீரோடு முயலும்போது

2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட நாள்களை இங்கே யாரும் மறக்கவில்லை. சாயக் கழிவு கலந்த நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் பார்த்து வளர்ந்த மாணவர்கள் இந்த மின்முனையால் சாய நீரைத் தெளியவைக்கலாமா என்று கேட்பது இயல்பு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நேராகக் கழிவு நீருக்குப் போகாமல், கிளாபர் சால்ட் கரைசலில் ஒரே ஒரு சாயம் கலந்து தொடங்குங்கள். உண்மைக் கழிவில் குளோரைடு இருக்கும். துளைகள் அதை ஆக்சிஜனேற்றிக் குளோரின் உண்டாக்கும். நிறம் போனது எதனால் என்று குழப்பம் வரும்.

அதைவிட முக்கியம், பட்டறையில் போட்ட வெட்டிங் ஆயிலும் (துணி நனைய உதவும் பொருள்) சோப்பும் கழிவில் மிஞ்சியிருக்கும் என்பது. அவை பரப்பு இழுவிசையைக் குறைத்து, நீங்கள் பாடுபட்டுச் செய்த மெழுகுத் தோலையும் சுலபமாக நனைத்துவிடும். இதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். 1 மில்லி சிரிஞ்சில் அயனி நீக்கிய நீரை நிரப்பி, செங்குத்தாகப் பிடித்து, ஊசி வழியே மெதுவாகச் சொட்ட விட்டு, மொத்தம் எத்தனை சொட்டு என்று எண்ணுங்கள். அதே சிரிஞ்சில், அதே ஊசியில், வடிகட்டிய கழிவு நீரை எண்ணுங்கள். சொட்டுகளின் எண்ணிக்கை கூடியிருந்தால் இழுவிசை குறைந்திருக்கிறது. அந்த இரண்டு எண்களையும் தேதி போட்டு, மின்னோட்ட அளவீட்டின் பக்கத்திலேயே எழுதிவிட்டு விளக்கைப் போடுங்கள்.